சூல் துப்பாக்கிக்குத் தோட்டாக்கூடு எங்கே?

கேள்வி: ஜெர்மனியின் சூல் நகரில் செய்த பழைய வேட்டைத் துப்பாக்கிகளுக்குத் தோட்டா தயாரிப்பதையே பல கம்பெனிகள் நிறுத்திவிட்டனவாமே, வைத்திருப்பவர்கள் என்னதான் செய்கிறார்கள்?

பதில்: எல்லாமே நின்றுவிடவில்லை. 9.3x72ஆர் தோட்டாவை (குண்டின் விட்டம் சுமார் 9.3 மி.மீ., கூட்டின் நீளம் 72 மி.மீ., ஆர் என்றால் அடியில் விளிம்பு உள்ளது) செக் நாட்டு செல்லியர் அண்ட் பெல்லோ கம்பெனி இன்றும் செய்கிறது. குறி சுடும் துப்பாக்கிகளுக்கான 8.15x46ஆர்தான் சிரமம். அதற்கு அமெரிக்காவின் 30-30 வின்செஸ்டர் பித்தளைக் கூட்டை எடுத்து, அச்சில் அழுத்தி, சுமார் 52 மி.மீ. நீளத்தை 46 ஆக வெட்டுகிறார்கள், சில துப்பாக்கிகளுக்கு அடிவிளிம்பையும் கடைந்து மெலிதாக்க வேண்டிவரும். அழுத்த அழுத்தப் பித்தளை விறைத்து வாய்ப்பக்கம் கீறிவிடும், அதனால் வாயை மட்டும் சூடுகாட்டிப் பதப்படுத்துவார்கள். அடிப்பகுதியில் சூடு ஏறவே கூடாது, வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்குவது அதுதான்.

அப்புறம், குழல்மேல் எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். குறைந்த சூட்டில் உருகும் உலோகத்தைத் தோட்டா அறையில் ஊற்றி, அந்த வார்ப்பை அளந்து பார்ப்பதே சரி. உதாரணமாக, 8x57 என்ற ஒரே பெயரில் 8.08 மி.மீ. குண்டும் உண்டு, 8.22 மி.மீ. குண்டும் உண்டு. இந்தச் சின்ன வித்தியாசம் ஆளையே காயப்படுத்திவிடும், தேர்ந்த துப்பாக்கிக் கம்மியரிடம் காட்டாமல் சுடவே கூடாது.