வக்கீல் ஃபீஸ் தகராறில் இருக்கும்போது அதற்கு வட்டி கேட்கலாமா?

கலிஃபோர்னியாவில் இருக்கிறீர்கள், பில் தப்பு என்று சொன்ன பிறகும் வக்கீல் மாதம் 1.5% வட்டி ஏற்றுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் இதே மாநிலம்தான். வீட்டைப் புதுப்பித்த கான்ட்ராக்டரோடு நடந்த வழக்கில் இதே சிக்கலில் மாட்டினேன். நான் வக்கீல் இல்லை. பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

பில்லை ஏற்கவில்லை என்று சொன்னதால் மட்டும் வட்டி நின்றுவிடாது. முதலில் நீங்கள் கையெழுத்துப் போட்ட அக்ரிமெண்டை எடுத்துப் பாருங்கள். வட்டி உண்டு, இவ்வளவு சதவீதம் என்று அதில் இருக்கிறதா? எனக்கு வந்த பில்லின் அடியில் பொடி எழுத்தில் 1.5% என்று இருந்தது. அக்ரிமெண்டில் ஒரு வரிகூட இல்லை. பில்லில் தாங்களாகவே அச்சடித்துக்கொண்டதற்கு நான் எப்படிச் சம்மதித்தவன் ஆவேன்? மாதம் 1.5% என்றால் வருடத்துக்கு 18%. ஒப்பந்தத்தில் வட்டி விகிதமே இல்லையென்றால் இங்கே சிவில் சட்டம் சொல்வது வருடத்துக்கு 10%தான். அதுவும் தொகை இவ்வளவு என்று உறுதியாகக் கணக்கிட முடிந்தால்தான் தீர்ப்புக்கு முந்தைய காலத்துக்கு உரிமையோடு கேட்கலாம். வட்டிக்கு வட்டி போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். நீங்கள் கையெழுத்திட்ட தாளில் அது தெளிவாக எழுதியிருக்க வேண்டும்.

அப்புறம், வட்டியோடு மட்டும் மல்லுக்கு நிற்காதீர்கள், அசலைப் பாருங்கள். என் பில்லில் ஒரே வரியில் "ஆய்வு, தொலைபேசி, மின்னஞ்சல்: 6.4 மணி" என்று இருந்தது. மணிக்கு 350 டாலர் வீதம் 2,240 டாலர். எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் என்று பிரித்துக் கேட்டேன், பதில் வரவில்லை. அசல் குறைந்தால் அதன் மேல் ஏறிய வட்டியும் தானாகப் போய்விடும்.

உங்களுக்குத் தகராறே இல்லாத பகுதியை உடனே கட்டிவிடுங்கள். அதோடு எந்த வரிகளை ஏற்கவில்லை, ஏன் என்று தேதி போட்டு எழுத்தில் அனுப்புங்கள். ஃபோனில் சொன்னது பின்னால் உதவாது. கட்டிய பகுதிக்கு அன்றோடு வட்டி நிற்கும், நீங்கள் ஏமாற்றப் பார்க்கவில்லை என்பதும் பதிவாகும். வக்கீலின் டிரஸ்ட் அக்கவுண்டில் (கட்சிக்காரர்களின் பணத்தைத் தனியாக வைத்திருக்கும் கணக்கு) உங்கள் பணம் இருந்தால், தகராறு தீரும்வரை தகராறில் இருக்கும் தொகையை அவர் அதிலிருந்து எடுக்கக் கூடாது. அதையும் கடிதத்தில் நினைவுபடுத்துங்கள்.

பேசித் தீரவில்லையென்றால் ஃபீஸுக்கென்றே தனி மத்தியஸ்தம் (ஆர்பிட்ரேஷன்) இருக்கிறது. கவுண்டி பார் அசோசியேஷன்கள் (வக்கீல் சங்கங்கள்) பல இதை நடத்துகின்றன. நீங்கள் கேட்டால் வக்கீல் வந்தே ஆக வேண்டும். ஆனால் அவர் உங்களை இழுக்க முடியாது. என் விஷயத்தில் மத்தியஸ்தர்கள் அந்த 2,240-இல் பாதிக்கு மேல் வெட்டினார்கள், வக்கீலுக்கு வட்டியே கொடுக்கவில்லை. தகராறு வந்த பிறகு இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் முடிவு இருவரையும் கட்டுப்படுத்தும். இல்லையென்றால் முடிவு அனுப்பப்பட்ட 30 நாளுக்குள் இரு தரப்பில் யார் வேண்டுமானாலும் கோர்ட்டுக்குப் போகலாம்; யாரும் போகாவிட்டால் அந்த முடிவே கட்டுப்படுத்தும்.

ஃபீஸுக்காக வக்கீல் உங்கள் மேல் வழக்குப் போடுவதற்கு முன்போ போடும்போதோ இந்த மத்தியஸ்த உரிமை பற்றி உங்களுக்கு நோட்டீஸ் தர வேண்டும். அது வந்துவிட்டதா? வந்திருந்தால் கைக்கு வந்த தேதியைக் குறித்து வையுங்கள். 30 நாளுக்குள் விண்ணப்பிக்காவிட்டால் அந்த உரிமை போய்விடும்.