வாசகர் கேள்வி-பதில்: கத்திரி வெயிலில் பயறு முளைகட்டலாமா?

கேள்வி (சத்துவாச்சாரி வாசகி): தை, மாசி மாதங்களில் என் வீட்டில் பச்சைப்பயறு அழகாக முளைவிடுகிறது. சித்திரை பிறந்துவிட்டால், அதே கடையில் வாங்கிய பயறு மறுநாள் காலையில் பிசுபிசுத்துப் புளித்த வாடை அடிக்கிறது. குறை பயற்றிலா, என் கைமுறையிலா?

பதில்: இரண்டிலும் இல்லை. பருவம் மாறியும் முறையை மாற்றாமல் விட்டதே காரணம். முளைக்கத் தொடங்கிய பயறு வேகமாகச் சுவாசிக்கும். அப்போது அதிலிருந்து வெப்பமும் வெளிப்படும். தை மாதக் குளிரில் இந்த வெப்பம் முளைப்புக்குத் துணை செய்கிறது. வெயில் 40 பாகை செல்சியஸைத் தாண்டும் வேலூர்க் கோடையிலோ, துணியில் இறுக்கிக் கட்டிய மூட்டையின் நடுவில் அது வெளியேற வழியின்றித் தங்கிவிடுகிறது. உள்ளே காற்றும் குறைந்து, வடியாத நீரும் சேர்ந்துகொண்டால், பயறு முளைப்பதைக் காட்டிலும் விரைவாக நுண்ணுயிரிகள் பெருகுகின்றன. தாங்கள் கண்ட பிசுபிசுப்பும் வாடையும் அவற்றின் வேலைதான். அத்தகைய பயற்றைக் கழுவிச் சமைத்துவிடலாம் என்று எண்ண வேண்டாம், கொட்டிவிடுங்கள்.

கோடையில் ஊறவைக்கும் நேரத்தை 6 முதல் 8 மணி நேரத்துக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். இடையில் ஒருமுறை தண்ணீரை மாற்றுவது நல்லது. ஊறியபின் மூட்டை கட்டாமல், இட்லித் தட்டிலோ துளையுள்ள வேறு பாத்திரத்திலோ ஈரத்துணியை விரித்து, இரண்டு மூன்று பயறு உயரத்துக்கு மேல் போகாதபடி பரப்பி, மேலே மற்றொரு ஈரத்துணியால் மூடுங்கள். பகலில் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை குளிர்ந்த நீரில் அலசி, ஒரு சொட்டும் தேங்காதபடி வடித்துவிட வேண்டும். பயற்றுக்கு வேண்டியது ஈரமே அன்றி நீர் அன்று. இதைக் கவனித்தாலே பாதித் தொல்லை தீர்ந்துவிடும். அடுப்பு மேடையின் சூடு இரவிலும் எளிதில் ஆறாது என்பதால், பாத்திரத்தை அங்கே வைக்காமல் வெயில் படாத குளிர்ந்த மூலையில் வையுங்கள். காட்பாடியில் எங்கள் வீட்டில், அகலமான மண்சட்டியில் மணலைப் பரப்பி நீர் தெளித்து, அதன்மேல் முளைத்தட்டை வைப்பது வழக்கம். மண்சட்டியின் புறத்தில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே குளிர்ச்சி நிற்கும். வைகாசியிலும் இம்முறை எங்களைக் கைவிட்டதில்லை.

தண்ணீரையும் சற்றுக் கவனியுங்கள். பாலாற்றை ஒட்டிய ஊர்களில் போர் தண்ணீர் பல இடங்களில் உப்புக் கரிக்கிறது. உப்பு மிகுந்த நீரை விதையால் எளிதில் உறிஞ்ச முடியாது. முளைப்பு தாமதமாகும், தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் கெட்டுப்போக இடம் கொடுக்கும். ஆகவே ஊறவைப்பதற்கும் அலசுவதற்கும் குடிக்கும் தண்ணீரையே பயன்படுத்துங்கள். இவ்வாறு செய்தால் கோடையில் பச்சைப்பயறு ஒரே நாளில் முளைவிடும். கொள்ளும் காராமணியும் அதற்கு மேல் சில மணி நேரம் கேட்கும். கறுப்புக் கொண்டைக்கடலை பெரும்பாலும் இரண்டாம் நாள்தான் தலைகாட்டும். முளை அரை விரற்கடை நீண்டதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

கேள்வி (குடியாத்தம் வாசகர்): என் மருமகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. முளைப்பயற்றை வேகவைத்தால் சத்தெல்லாம் போய்விடும், பச்சையாகவே உண்ண வேண்டும் என்று உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். அவர்கள் சொல்வது சரியா?

பதில்: ஐயா, கர்ப்பிணிக்குப் பச்சை முளைப்பயறு வேண்டாம். சிறு குழந்தைகள், முதியவர்கள், நோயால் உடல் தளர்ந்தவர்கள் ஆகியோருக்கும் இதே பதில்தான். நிலத்திலும் களத்திலும் விதையின் தோலில் ஒட்டிக்கொள்ளும் சால்மொனெல்லா, ஈ.கோலி போன்ற கிருமிகள் தோலின் நுண்ணிய வெடிப்புகளுக்குள் புகுந்துவிட்டால், எத்தனை முறை கழுவினாலும் முழுதாகப் போவதில்லை. உலர்ந்த விதையில் அவை செயலற்றுக் கிடக்கும். முளைப்புக்காக நாம் தரும் ஈரமும் வெதுவெதுப்பும் அவற்றுக்கும் உகந்தவையாகிவிடுகின்றன. 2011ஆம் ஆண்டு ஜெர்மனியில் முளைவிட்ட வெந்தயத்தின் வழியே பரவிய ஈ.கோலி தொற்றில் 50 பேருக்கு மேல் உயிரிழந்தனர். சுத்தமாகச் செய்தோம் என்ற நம்பிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு, கருவைச் சுமக்கும் பெண்ணுக்கு இதைப் பச்சையாகக் கொடுக்க என் மனம் ஒப்பவில்லை.

உறவினர்களின் பேச்சில் உண்மை சிறிதும் இல்லை என்றும் சொல்ல மாட்டேன். உலர்ந்த பயற்றில் வைட்டமின் சி அனேகமாக இல்லை. முளைக்கும்போதுதான் அது உருவாகிறது. முதல் உலகப் போரில் மெசபடோமியாவில் இருந்த இந்தியப் படைவீரர்கள் காய்கறி கிடைக்காமல், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய்க்கு ஆளானார்கள். அக்காலத்தில் லண்டன் லிஸ்டர் மருத்துவ ஆய்வு நிறுவனத்தின் ஹாரியட் சிக் முதலியோர், முளைவிட்ட பயறு அந்நோயைத் தடுக்கும் என்பதைச் சோதனைகள் மூலம் காட்டினார்கள். வேகவைக்கும்போது இந்த வைட்டமினில் ஒரு பகுதி குறைவது மெய்தான். ஆயினும் மற்ற நன்மைகள் பெரும்பாலும் நிற்கின்றன: இரும்பும் துத்தநாகமும் உடலில் சேரவிடாமல் தடுக்கும் பைட்டேட் முளைப்பினால் குறைகிறது, வயிற்றில் வாயுவை உண்டாக்கும் சர்க்கரைகளும் குறைகின்றன. எனவே பயற்றை ஆவியில் நன்றாக வேகவைத்து, இறக்கி ஆறியபின் எலுமிச்சைச் சாறு பிழிந்து கொடுங்கள். இழந்த வைட்டமின் அதிலேயே வந்துவிடும். முளைவிட்ட காராமணியையும் இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காயையும் சேர்த்துக் குழம்பு வைத்தால், பச்சைப்பயற்றைக் கண்டு முகம் சுளிப்பவர்களும் கேட்டு வாங்கி உண்பார்கள்.

முளைகட்டினாலும் யாருமே பச்சையாக உண்ணக் கூடாதவை சில உண்டு. ராஜ்மாவில் உள்ள நச்சு, நன்றாகக் கொதித்து வெந்தாலன்றி நீங்காது. மொச்சையையும் வேகவைத்தே உண்ண வேண்டும். சோளத்தை முளைகட்டவே வேண்டாம் என்பேன்: அதன் இளங்குருத்தில் சயனைடை வெளிவிடும் பொருள் இருக்கிறது. இளஞ்சோளப் பயிரை மேய்ந்த மாடு மயங்கி விழுவதை நம் பக்கத்து விவசாயிகள் அறிவார்கள்.

கேள்வி (ஆற்காடு வாசகி): பேரக்குழந்தையின் கூழுக்காகக் கேழ்வரகை முளைகட்டினேன். இரண்டாம் நாள் முளையைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு போல் தெரிந்தது. பூஞ்சை என்று பயந்து எறிந்துவிட்டேன். சரிதானா?

பதில்: ஐயம் எழுந்தபோது எறிந்தது தவறன்று. ஆனால் தாங்கள் கண்டது வேர்த்தூவியாகவும் இருக்கலாம். கேவுரு போன்ற சிறுதானியங்கள் முளைக்கும்போது வேரைச் சுற்றி மெல்லிய வெள்ளை மயிர்கள் தோன்றும். அவை எல்லா வேரிலும் ஒரே சீராக இருக்கும், நீர் பட்டவுடன் வேரோடு ஒட்டிக் கண்ணுக்கு மறைந்துவிடும், வாடை இராது. பூஞ்சையோ ஆங்காங்கே திட்டுத்திட்டாகத் தோன்றி, ஒரு மணியிலிருந்து மறு மணிக்குச் சிலந்தி வலை போலத் தாவும், அலசினாலும் போகாது, முக்கல் வாடை அடிக்கும். அடுத்த முறை நீர் ஊற்றிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நல்ல முளையென்று தெரிந்தால் நிழலில் உலர்த்தி, வறுத்து, வேரைத் தேய்த்துப் புடைத்தபின் அரைக்கலாம். முளைப்பின்போது மாவுச்சத்து ஓரளவு உடைந்துவிடுவதால் இந்த மாவில் காய்ச்சும் கூழ் இளக்கமாக இருக்கும். ஆறு மாதம் கடந்த குழந்தைக்கு ஊட்டுவதற்கு எளிது.

கேள்வி (போளூர் வாசகர்): விதைத்தது போக மல்லாட்டை (நிலக்கடலை) விதை இரண்டு கிலோ மீந்திருக்கிறது. முளைகட்டி உண்ணலாமா?

பதில்: விதைநேர்த்தி செய்த விதை என்றால் கூடவே கூடாது. பூசணக்கொல்லி கலந்த விதையைக் கழுவினாலும் வேகவைத்தாலும் உணவாகாது. மாட்டுக்கும் கோழிக்கும்கூடப் போடாதீர்கள். மருந்து படாத விதைதான் என்று தங்களுக்கே உறுதியாகத் தெரிந்தால் முளைகட்டலாம். அப்போதும் சுருங்கியவை, நிறம் மாறியவை, பூஞ்சை படிந்தவை ஆகியவற்றை ஊறவைக்கும் முன்பே ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். ஏனெனில் அவற்றில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு வீட்டு அடுப்பில் வேகவைப்பதால் அழிவதில்லை.