புதிய பாடசாலை அதிபருக்குத் தலைமைத்துவப் பயிற்சியால் உண்மையில் பிரயோசனம் உண்டா?

கேள்வி கேட்ட தங்கச்சி இலங்கை அதிபர் சேவை தரம் 3க்குத் தெரிவாகி, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையில், பதினோராம் ஆண்டு வரை உள்ள ஒரு வகை 2 பாடசாலையைப் பொறுப்பெடுக்கப் போகிறாராம். "இந்தப் பயிற்சிகளில் ஏதும் கிடைக்குமா, இல்லாட்டிக் கையொப்பம் வைத்துச் சாப்பாட்டுப் பார்சல் வாங்கிக்கொண்டு வருகிற விஷயமா?" என்று கேட்டிருக்கிறார். இரண்டு வகையும் இருக்கு. நான் மட்டக்களப்பில் அதிபராக இருந்து ஓய்வு பெற்றவன், பார்சலும் சாப்பிட்டிருக்கிறேன்.

முதலில் கோப்புப் பயிற்சி. அரச பணம் செலவழிக்கிற நிதிப்பிரமாணம், உத்தியோகத்தர்களுக்கான தாபன விதிக்கோவை, கற்பித்தல் பொருட்களுக்கு வருகிற தர உள்ளீட்டுப் பணம், பொருட்பதிவேடு. சலிப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் ஒழுங்காகக் கேளுங்கள். விலைமனு ஒன்று கோப்பில் இல்லாட்டி ஓடிட்காரர் கேள்வி எழுதுவார், அதற்குப் பதில் தேடுவதிலேயே தவணை கரைந்துவிடும். கோப்பு சுத்தமாக இருந்தால்தான் வகுப்பறைக்குப் போக நேரம் கிடைக்கும். ஆனால் இதற்குத் தலைமைத்துவம் என்று பெயர் வைப்பது எனக்குப் பிடிக்காத சங்கதி. ஒரு காலத்தில் அதிபர்களை ரந்தம்பே மாணவர் படையணி முகாமுக்கு அனுப்பி அணிவகுப்புப் பழக்கியதும் இதே பெயரில்தான். காலைக்கூட்டத்தில் பிள்ளைகளை நிமிர்ந்து நிற்க வைக்க முகாம் எதற்கு?

கொழும்புப் பக்கம் மீப்பேயில் தேசிய கல்வி நிறுவகத்தின் கல்வித் தலைமைத்துவ அபிவிருத்தி நிலையம் இருக்கிறது, இதற்கென்றே அமைந்த இடம். அழைப்பு வந்தால் தூரத்தைப் பார்க்காமல் போங்கள். விரிவுரையை விட, வேறு மாகாணத்து அதிபர்களோடு இராச்சாப்பாட்டுக்குப் பிறகு இருந்து கதைப்பதில்தான் கனக்கக் கிடைக்கும்.

இனி முக்கியமான விஷயம். நியூசிலாந்தின் விவியன் றொபின்சனும் அவரோடு சேர்ந்தவர்களும் 2008இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அதிபர் செய்கிற வேலைகளை 5 வகையாகப் பிரித்து, பிள்ளைகளின் அடைவை எது கூடுதலாக உயர்த்துகிறது என்று பார்த்தார்கள். இலக்கு வைப்பது, வளங்களைப் பங்கிடுவது, கற்பித்தலைத் திட்டமிட்டு மதிப்பிடுவது, ஒழுங்கைக் காப்பது என்ற நாலையும் தாண்டி முன்னுக்கு நின்றது ஐந்தாவது: ஆசிரியர்களின் வாண்மை விருத்தியை, அதாவது அவர்கள் தங்கள் தொழிலில் மேலும் கற்று வளர்வதை, அதிபர் ஊக்குவித்து, தானும் அவர்களோடு இருந்து படிப்பது. எங்கள் பக்கம் அது தலைகீழ். ஆசிரியருக்குச் செயலமர்வு நடக்கும், அதிபர் வரவேற்புரை சொல்லிவிட்டுக் கந்தோருக்குள் போய்விடுவார்.

ஆகவே நீங்கள் தேடிப் பழக வேண்டியது ஒன்றுதான். பாடம் நடக்கிற வகுப்பில் போய் இருந்து பார்ப்பதும், பார்த்த பிறகு அந்த ஆசிரியரோடு கதைப்பதும். பார்ப்பது லேசு, கதைப்பதுதான் கஷ்டம். ரவுணிலிருந்து மண்முனைப் பாலத்தால் மோட்டார்சைக்கிள் ஓடி வந்து, ஏழரை மணிக்கு வியர்த்து நிற்கிற ரீச்சர், பின் வாங்கில் அதிபரைக் கண்டால் என்ன நினைப்பார்? பிழை பிடிக்க வந்திருக்கிறார் என்றுதான். மேற்பார்வைப் புத்தகத்தில் "கற்பித்தல் உபகரணம் பயன்படுத்தவும்" என்று ஒரு வரி எழுதிவிட்டு வந்தால் அவர் நினைத்தது சரியாகிவிடும். "நல்லாயிருந்தது மிஸ்" என்று போனாலும் பிரயோசனமில்லை.

எட்டாம் ஆண்டில் பின்னம் நடக்குது என்று வையுங்கள். 40 நிமிடமும் பிள்ளைகளின் கொப்பிகளைப் பாருங்கள், ஆசிரியரைப் பார்க்க வேண்டாம். முடிந்தபின், "யன்னலோரம் இருந்த மூன்று பேரும் கீழே இருக்கிற பகுதியெண்ணையும் சேர்த்துக் கூட்டியிருக்கிறார்கள், நீங்கள் கவனித்தீர்களா மிஸ்?" என்று கேளுங்கள். மூன்று கொப்பியையும் மேசையில் வைத்து இருவரும் பாருங்கள். நாளைக்கு முதல் பத்து நிமிடம் என்ன செய்யலாம் என்பதை அவரே சொல்லட்டும். உங்களுக்குக் கணிதம் வராட்டி அதையும் சொல்லிவிடுங்கள், மரியாதை குறையாது. இந்தப் பேச்சை நடித்துப் பழக்குகிற பயிற்சி நல்ல பயிற்சி. ஒருவர் அதிபர், ஒருவர் கோபக்கார ஆசிரியர், மற்றவர்கள் பார்த்துக் குறிப்பெடுப்பார்கள். ஸ்லைட் மட்டும் ஓடுகிற இடத்தில் தலைமைத்துவப் பாணிகளின் பெயர்கள்தான் மிஞ்சும்.

பயிற்சிக் கையேட்டில் படுவான்கரை இருக்காது. பெரும்போக வெட்டுக் காலத்தில் வரவு விழும், வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு வந்தாலும் விழும். எந்த வயற்கண்டம் எப்போது வெட்டுக்கு வரும் என்று, வயல் வேலைகளைப் பார்க்கிற வட்டவிதானைக்குத் தெரியும். அவரிடம் கேட்டுவிட்டு வகுப்புப் பரீட்சைத் திகதியைப் போடுங்கள். கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கரின் வீட்டுக்கும் ஒருக்காப் போய் வாருங்கள், சிரமதானத்துக்கு ஆள் வரும். பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் 2006இல் வந்ததிலிருந்து பெற்றோரையும் ஊரவரையும் நிர்வாகத்தில் சேர்க்கச் சொல்லித்தான் சுற்றறிக்கைகள் வருகின்றன. ஆனால் கூட்ட அறிக்கையில் பெயர் போடுவதோடு அது முடிந்துபோகிற பாடசாலைகளை நான் நிறையக் கண்டிருக்கிறேன்.

எந்தப் பயிற்சிக்குக் கூப்பிட்டாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: "முடிந்த பிறகு என் பாடசாலைக்கு யார் வருவார்?" பெரும்பாலும் ஒருவரும் வரமாட்டார்கள். அப்படியென்றால் அயல் பாடசாலை அதிபர் ஒருவரோடு சேர்ந்துகொள்ளுங்கள். மாதம் ஒருக்கா அவர் உங்கள் பாடசாலைக்கு வந்து ஒரு பாடவேளை இருக்கட்டும், அடுத்த மாதம் நீங்கள் அவருடைய பாடசாலைக்குப் போங்கள். இதற்குப் பணமும் தேவையில்லை, கடிதமும் தேவையில்லை. கோட்டக் கல்விப் பணிப்பாளரிடம் வாயால் சொல்லிவைத்து, பொறுப்பைப் பிரதி அதிபரிடம் கொடுத்து, வெளிச்செல்லும் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போனால் சரி.