என்னை யாருமே கேட்டதில்லையே, அப்புறம் எப்படி ‘உலக மக்களின் கருத்து’ என்கிறார்கள்?

‘உலகம் எதற்குக் கவலைப்படுகிறது’ என்று ஏதோ ஒரு கருத்துக்கணிப்புச் செய்தியைப் படித்துவிட்டுக் கடுப்பில் கேட்டிருக்கிறீர்கள் போல. நியாயம்தான். ஆனால் கூடவே ‘படிவத்தை அவர்களே உட்கார்ந்து நிரப்பிக்கொள்வார்களோ’ என்றும் ஒரு வரி போட்டிருக்கிறீர்கள் பாருங்கள், அதுதான் சுருக்கென்று தைத்தது. இரண்டு ஆண்டுகள் வீடு வீடாகப் போய் அந்தப் படிவத்தை நிரப்பியவன் நான்.

முதலில் உங்கள் சந்தேகம். ஒழுங்காகக் குலுக்கி எடுத்த 1,000 பேர் போதும். கிடைக்கும் முடிவு உண்மை நிலவரத்திலிருந்து சுமார் 3 சதவீதப் புள்ளி கூடலாம், குறையலாம். அதனால் உங்கள் முறை வராமலே போகலாம். தலைகள் அதிகமாக இருந்தால் மட்டும் போதாது. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் நடத்திய கணிப்புக்கு 20 லட்சத்துக்கும் மேல் பதில்கள் வந்தன. அதை வைத்து, ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் ஜெயிப்பார் என்றார்கள். ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ அள்ளினார். அதைவிட மிகச் சின்ன மாதிரியை வைத்து ஜார்ஜ் காலப் என்ற கருத்துக்கணிப்பாளர் சரியாகச் சொன்னார்.

என் அனுபவத்தில் சிக்கல் எண்ணிக்கையில் இல்லை, மக்கள் வாயால் சொல்லும் பதிலில் இருந்தது. ஒரு வீட்டில் ஓர் அம்மா. ‘உங்களை அதிகம் கவலைப்படுத்தும் பிரச்சினை?’ என்றேன். யோசிக்காமல் பிளாஸ்டிக் என்றார். சுற்றுச்சூழலைக் கெடுக்காத பொருளுக்குக் கூடுதல் விலை கொடுப்பீர்களா? ‘கண்டிப்பாக.’ குறித்துக்கொண்டேன். நான்கு பக்கம் தள்ளி, கடந்த ஏழு நாளில் என்னென்ன வாங்கினீர்கள் என்ற பகுதி வந்தது. நினைவில்லை என்று உள்ளே போய்ப் பையோடு வந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அத்தனையும் பிளாஸ்டிக் உறை. இரண்டு பேரும் பேசவில்லை. அப்புறம் அவரே சிரித்துவிட்டு, ‘தம்பி, முன்னாடி சொன்னதை அழிச்சிடுங்களேன்’ என்றார். பின்னால் வரும் கேள்வியைப் பார்த்துவிட்டு முன்னால் சொன்னதை மாற்றக் கூடாது என்பது எங்களுக்குச் சொல்லப்பட்ட விதி. அழிக்கவில்லை.

அவர் பொய் சொன்னார் என்று சொல்லவே மாட்டேன். கேட்கிறவன் முன்னால் நல்லவராகத் தெரிய ஆசைப்படாதவர் யார்? 2019இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் வந்த கட்டுரை ஒன்று இதே கதையை எண்ணில் சொன்னது: சுற்றுச்சூழல் அக்கறை காட்டும் பிராண்டுகளை வாங்க விருப்பம் என்றவர்கள் 65 சதவீதம், உண்மையில் வாங்குபவர்கள் சுமார் 26. ஆக, கவலைப் பட்டியலை நம்பலாம். ‘இனி மக்கள் இதைத்தான் வாங்குவார்கள்’ என்ற பகுதியை நான் பாதிதான் நம்புவேன்.

‘களப்பணியாளர் யாருமே ஏமாற்றுவதில்லையா’ என்று கீழே வந்து கேட்பீர்கள். ஏமாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். முடித்த படிவத்துக்குத்தான் காசு. பத்துக் கதவு சாத்தப்பட்டால் பத்துக்கும் ஒன்றும் கிடையாது. மேற்பார்வையாளர் சில வீடுகளுக்குப் போன் போட்டுச் சரிபார்ப்பார், மாட்டியவர்களுக்கு வேலை போனது. நான் அப்படிச் செய்ததில்லை. ஆனால் வேலையை விட்ட பிறகு, பரிசுப் புள்ளிகளுக்காக இணையக் கணிப்பு ஒன்றில் சேர்ந்து, தூக்கக் கலக்கத்தில் ஒரே வரிசையில் ‘உடன்படுகிறேன்’ என்று தட்டிக்கொண்டே போயிருக்கிறேன். நடுவில் ‘இங்கே உடன்படவில்லை என்பதைத் தேர்ந்தெடுக்கவும்’ என்று ஒரு வரி வைத்திருந்தார்கள். மாட்டிக்கொண்டேன், வெளியே தள்ளிவிட்டார்கள்.

கேட்காவிட்டாலும் இதையும் சொல்லிவிடுகிறேன். வெயிலிலும் மழையிலும் நடந்த அந்த இரண்டு ஆண்டுக்கு எனக்கு அனுபவச் சான்றிதழ் கிடைக்கவில்லை. நான் ஒப்பந்தக்காரரின் ஆளாம், நிறுவனத்தின் ஆள் இல்லையாம். ஒப்பந்தக்காரரின் எண்ணோ இப்போது உபயோகத்தில் இல்லை. நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டேன். ‘எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்’ என்று ஒரு படிவம்தான் பதிலாக வந்தது. ஒன்று கொடுத்தேன்.