புது செட் வாங்கினால் சிப்பிங் சரியாகுமா?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 52. இரண்டு வருடமாக ஒரு நண்பரோடு பொரளை மைதானத்தில் கோல்ப் ஆடுகிறேன். மட்டைகள் அண்ணா பாவித்துவிட்டுத் தந்த பழைய செட். தூர அடிகள் பரவாயில்லை. குழியும் கொடியும் உள்ள கிரீனுக்கு இருபது யார் இருக்கும்போது அடிக்கும் சின்ன அடியில், அதாவது சிப்பிங்கில்தான் வினை. ஒன்றில் மட்டை பந்துக்குப் பின்னால் மண்ணைக் கிண்டும். இல்லாவிட்டால் பந்து நிலத்தோடு பறந்து மற்றப் பக்க மணற்குழிக்குள் விழும். கடையில் புது அயர்ன் (இரும்புத் தலை மட்டை) செட் வாங்கச் சொல்கிறார்கள். அண்ணா நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்து வருகிறார், அவரிடமும் சொல்லி விடலாம். எதை வாங்கட்டும்?
- வெள்ளவத்தை வாசகர்

பதில்: அயர்ன் செட் வேண்டாம். நீங்கள் சொல்லும் இரண்டும் பெரும்பாலும் ஒரே கோளாறுதான். மட்டை நிலத்தைத் தொடும் இடம் பந்துக்குப் பின்னால் போய்விடுகிறது. மண் இளகியிருந்தால் புதைகிறது, இறுகியிருந்தால் துள்ளிவந்து பந்தின் நடுவில் அடிக்கிறது. எத்தனை புது அயர்ன் வாங்கினாலும் அந்த இடம் முன்னுக்கு நகராது.

புது செட்டில் கண்ணுக்குத் தெரியாத ஒரு செலவும் இருக்கிறது. இப்போது வரும் அயர்ன்களின் முகச் சாய்வை, அதாவது லொஃப்டை, குறைத்தே செய்கிறார்கள். பந்து தூரம் போனால்தானே விற்கும்! பழைய செட்களில் 48 பாகை அளவில் இருந்த பிட்சிங் வெட்ஜ், அதாவது கிட்டத்து அடிக்கான மட்டை, இன்றைய பல செட்களில் 43, 44 பாகைக்கு வந்துவிட்டது. மணற்குழியிலிருந்து அடிக்கும் உங்கள் சான்ட் வெட்ஜ் 56 பாகை என்றால் இரண்டுக்கும் நடுவில் 12 பாகை வெறுமை. அதை நிரப்ப 50 பாகையில் இன்னொரு வெட்ஜ் தேவைப்படும். பில் போடும்போது இதை யாரும் சொல்லமாட்டார்கள். ஒரு மாதம் கழித்து நீங்களே போய்க் கேட்பீர்கள்.

கை அரிக்கிறது, ஏதாவது வாங்கத்தான் வேண்டும் என்றால் ஒரேயொரு சான்ட் வெட்ஜ் வாங்குங்கள். ஆனால் அதன் பவுன்ஸைப் பார்த்து வாங்குங்கள். வெட்ஜைக் கம்பு நேராக நிற்கும்படி மேசையில் வைத்து, கண்ணை மேசை மட்டத்துக்கு இறக்கிப் பாருங்கள். அடிப்பாகத்தின் பின்புறம் மேசையைத் தொடும், முன்விளிம்பு சற்று உயர்ந்து நிற்கும். அந்த உயர்வைத் தரும் கோணம்தான் பவுன்ஸ். மட்டை மண்ணுக்குள் இறங்காமல் வழுக்கிக்கொண்டு போக வைப்பது அது. அமெரிக்க வீரர் ஜீன் சரசன் 1932 இல் பிரிட்டிஷ் ஓப்பனை வென்றபோது பாவித்த சான்ட் வெட்ஜை, மட்டையின் அடியில் உலோகத்தை உருக்கி ஒட்டித் தானே செய்துகொண்டதும் இந்த வேலைக்காகத்தான்.

பல வெட்ஜ்களில் லொஃப்டுக்குப் பக்கத்தில் பவுன்ஸ் எண்ணும் பொறித்திருக்கும். மழை பெய்து ஊறிய கொழும்புப் புல்லில், உங்களைப் போல் மண்ணைக் கிண்டுபவருக்கு 12 முதல் 14 வரை நல்லது. 6 என்று இருப்பதை எடுத்தால் அது மண்வெட்டி. க்ளீவ்லண்ட், கல்லவே போன்றவை அகலமான அடியோடும் வெட்ஜ் செய்கின்றன. தோற்றம் கொஞ்சம் பருமன்தான், ஆனால் பிழையான அடியை மன்னிக்கும். பந்தை உயரத் தூக்கும் 60 பாகை லொப் வெட்ஜ் பக்கம் இப்போதைக்குப் போகவே வேண்டாம்.

அண்ணாவுக்கு "56 பாகை, பவுன்ஸ் 12, ஸ்டீல் கம்பு" என்று எழுதி அனுப்பினால் போதும். பாவித்ததே நல்ல விலைக்குக் கிடைக்கும். முகத்தில் உள்ள வரிப்பள்ளங்களின் குறுக்கே நகத்தை இழுத்தால் தடக்க வேண்டும், வழுக்கினால் தேய்ந்துவிட்டது.

அதற்கு முன் உங்கள் பழைய மட்டைகளின் கிரிப்பை, அதாவது கைப்பிடி ரப்பரை, தொட்டுப் பாருங்கள். நம் வெயிலிலும் வியர்வையிலும் ரப்பர் இறுகிப் பளபளக்கத் தொடங்கும். கிரிப் வழுக்கும்போது கை தானாக இறுக்கிப் பிடிக்கும், மணிக்கட்டு கட்டையாகும், சிறிய அடி கெடும். கிரிப் மாற்றும் செலவு புது மட்டை விலைக்குக் கிட்டவும் வராது. மட்டைகளைக் கார் டிக்கிக்குள் நாட்கணக்கில் வேகவிடவும் வேண்டாம். கம்பையும் தலையையும் பிடித்திருக்கும் பசை சூட்டில் இளகும்.

இனி அடிக்கு வருவோம். கால்களைக் கிட்ட வையுங்கள். நீங்கள் வலது கைக்காரர் என்றால் உடம்புப் பாரத்தை இடது காலில் வைத்து, அடி முடியும்வரை அங்கேயே விடுங்கள். பந்தைத் தூக்கிவிடலாம் என்று பாரம் வலது காலுக்குச் சாயும்போதுதான் மண் கிண்டப்படுகிறது. கைகளைப் பந்துக்கு முன்னால் மிதமிஞ்சித் தள்ளவும் கூடாது: கம்பு ஒரு பாகை முன்னால் சாய்ந்தால் பவுன்ஸில் ஒரு பாகை போகும், காசு கொடுத்து வாங்கியதை நீங்களே அழித்ததாகிவிடும். பந்துக்கு ஒரு சாண் பின்னால் துவாயை மடித்துப் போட்டு, அதில் படாமல் அடித்துப் பழகுங்கள்.

பந்துக்கும் கொடிக்கும் நடுவில் மணற்குழி இல்லையென்றால் சான்ட் வெட்ஜை எடுக்கவே வேண்டாம். 8 அயர்னால் மெதுவாகத் தட்டினால் பந்து ஒரு பங்கு பறந்து ஏறத்தாழ மூன்று பங்கு உருளும். சான்ட் வெட்ஜில் பறப்பதும் உருள்வதும் கிட்டத்தட்டச் சரிபாதி. உருளும் பந்தில் பிழைவிட இடம் குறைவு. மிச்சம் பிடித்த காசில் ஒரு பயிற்சியாளரிடம் சில பாடம் எடுங்கள், இல்லையென்றால் மட்டைப் பை தூக்கிவரும் அனுபவமுள்ள ஒரு கெடியிடம் பேச்சுக் கொடுங்கள். களனிவெளி ரயில் குறுக்கே ஓடும் அந்த மைதானத்தில் பந்து எங்கே இறங்கி எந்தப் பக்கம் உருளும் என்பது அவர்களுக்கு அத்துப்படி.

கேள்வி: முகநூல் விளம்பரத்தில் பெயர்போன டிரைவர் (நெடுந்தூர அடிக்கான மட்டை) ஒன்று கடை விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு வந்திருக்கிறது. நம்பலாமா?
- கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: அந்த விலைக்குப் "புத்தம் புதுசு" என்றால் எனக்குச் சந்தேகம்தான். நேரில் பார்க்காமல் காசு போடாதீர்கள். போகும்போது ஒரு சின்னக் காந்தம் கொண்டுபோங்கள். டைட்டானியத்தில் காந்தம் ஒட்டாது. டைட்டானியம் என்று சொல்லும் தலையின் முகத்தில் ஒட்டினால் அது வெறும் இரும்பு. ஒட்டாவிட்டாலும் அசல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கம்பு தலையோடு சேரும் கழுத்தில் தொடர் எண் இருக்கிறதா, எழுத்துகள் பிசிறில்லாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்த எண்ணைத் தயாரிப்பாளருக்கு எழுதிக் கேட்கலாம்.

விற்பவர் வியாபாரி என்றால் பற்றுச்சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்படி பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம். விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும். தொலைபேசி 1977. தனியாள் ஒருவர் தன் பழைய மட்டையை விற்றால் கதை வேறு, காசைத் திருப்பி எடுப்பது பெரும்பாடு.

கேள்வி: சிப்பிங்குக்கென்றே "சிப்பர்" என்று ஒரு மட்டை விற்கிறார்கள். போட்டியில் பாவிக்கலாமா?
- தெஹிவளை வாசகி

பதில்: பாவிக்கலாம் அம்மா, ஒரு முகம் மட்டும் உள்ளதாக இருந்தால். இரண்டு பக்கமும் அடிக்கக்கூடிய சிப்பர் விதிக்கு உட்படாது. இரட்டை முகம், கிரீனில் பந்தை உருட்டும் பட்டருக்கு மட்டும்தான் அனுமதி. பட்டர் கிரிப் போட்ட சிப்பரும் ஆகாது. பையில் 14 மட்டைக்கு மேல் போகக்கூடாது, சிப்பரும் அந்தக் கணக்கில் சேரும். வாங்குமுன் உங்கள் 8 அயர்னைப் பட்டர் போலப் பிடித்து ஒரு மாலை அடித்துப் பாருங்கள்.