கோட்டை மேட்டைத் தோண்டியதால் கன்றுகள் சாகின்றனவா?

கேள்வி: அயர்லாந்தில் கிளேர் கவுண்டியில் மாட்டுப் பண்ணையில் வேலை பார்க்கிறேன். வயலில் உள்ள பழைய வட்ட மேட்டை ஒட்டி வடிகால் வெட்டினோம். அப்புறம் ஒரு வயதுக் கன்றுகள் மூன்று அடுத்தடுத்துச் செத்துவிட்டன. மாலையில் நன்றாக மேய்ந்தவை, காலையில் பிணம். ஒன்றுக்குத் தொடை வீங்கியிருந்தது. காய்ந்த புல் கட்டுக்குள் முட்டைகள் கிடந்தன. அந்த மேடு தேவதைகள் வாழும் கோட்டை, அதைத் தொட்ட வினை, போதாததற்கு யாரோ பிஷோக் என்ற சூனியம் வைத்திருக்கிறார்கள் என்கிறார் பக்கத்துப் பெரியவர். முதலாளியும் பயந்துபோயிருக்கிறார். என்ன செய்வது?

பதில்: பெரியவரைச் சிரித்து ஒதுக்கிவிடாதீர்கள். தோண்டியதற்கும் சாவுக்கும் தொடர்பு இருக்கலாம். எனக்குச் சப்பை நோய் (தசையைத் தாக்கும் கிருமி நோய், ஆங்கிலத்தில் பிளாக்லெக்) என்றே சந்தேகம். அந்தக் கிருமியின் வித்துகள் மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். வடிகால் வெட்டும்போது மேலே வந்து புல்லோடு வயிற்றுக்குள் போகும். ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள, நன்றாகத் தின்று கொழுத்த கன்றுகளைத்தான் அதிகம் தாக்கும். மந்தையில் தேர்ந்ததைத்தான் தேவதைகள் கொண்டுபோகும் என்று அங்கே சொல்வதும் இதைப் பார்த்துத்தானோ என்னவோ!

வீங்கிய தொடையை அழுத்தினால் தோலுக்கடியில் நறநறவென்று காற்றுக் குமிழி உடைவது தெரியும். ஆனால் இன்னொன்று செத்தால் நீங்கள் தொட்டுப் பார்க்க வேண்டாம், அறுக்கவும் வேண்டாம், மனிதருக்கும் தொற்றும் அடைப்பானாகவும் (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம். உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். லிமெரிக்கில் அரசு ஆய்வகம் இருக்கிறது, அங்கே பிரேதப் பரிசோதனை செய்வார்கள். உடலைப் பண்ணையில் புதைக்காதீர்கள். வித்துகள் மறுபடி அதே மண்ணுக்குத்தான் போகும்.

மற்ற கன்றுகளை இன்றே அந்த வயலிலிருந்து மாற்றுங்கள். சப்பை நோய்தான் என்று உறுதியானால் தடுப்பூசி இரண்டு தவணை, நான்கு முதல் ஆறு வார இடைவெளியில். நோய் கண்ட கன்றுக்குப் பென்சிலின் போடலாம், ஆனால் பெரும்பாலும் பிழைக்காது.

அந்த மேடு, சுமார் கி.பி. 500-க்கும் 1000-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் விவசாயக் குடும்பங்கள் மண்கரை எழுப்பி வாழ்ந்த இடமாக இருக்கும். இவற்றுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, இனி அங்கே மண்வெட்டி வேண்டாம்.

முட்டை வைத்து அண்டை வீட்டு அதிர்ஷ்டத்தைப் பறிப்பது அங்கே பழைய நம்பிக்கை. 1937 முதல் 1939 வரை பள்ளிப் பிள்ளைகள் ஊராரிடம் கேட்டு எழுதிய தொகுப்பிலும் பிஷோக் கதைகள் உண்டு. வெறும் முட்டையால் மாடு சாகாது. கட்டுக்குள் அழுகிய இறைச்சியோ செத்த எலியோ இருந்ததா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் அந்தக் கட்டை மாட்டுக்குப் போடாதீர்கள். போட்டுலிசம் என்ற, உடலை முடக்கும் நச்சு நோய் வரும், மாடுகளுக்கு அதற்கு நடைமுறையில் மருந்து கிடையாது.