சின்னப் பயிற்சி விமானங்கள் ஏன் விழுகின்றன? வன்னியிலிருந்து வந்த கேள்விகள்

நான் கிளிநொச்சியில் பிறந்தவள். இரத்மலானையில் பறக்கக் கற்று, இப்போது செஸ்னா என்ற சின்ன விமானத்தில் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறேன். போன மாதம் ஊருக்கு வந்தபோது சில பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு பேசினேன், அதற்குப் பிறகு அவர்களும் அவர்களுடைய வீட்டாரும் போனில் கேள்விகள் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். எல்லோருக்கும் பயன்படட்டும் என்று பதில்களை இங்கே ஒன்றாக எழுதுகிறேன்.

வவுனியா, உயர்தர மாணவன்: அக்கா, பயிற்சி விமானம் விழுவதற்கு முதல் காரணம் எது? எஞ்சின் நிற்பதுதானே?

இல்லைத் தம்பி. எண்ணிக்கையில் பார்த்தால் தரையிறங்கும்போதுதான் அதிக விபத்து. சில்லு உடையும், புரொப்பெல்லர் வளையும், ஆனால் பெரும்பாலும் ஆட்கள் நடந்து வெளியே வந்துவிடுவார்கள். உயிரைக் குடிப்பது வேறொன்று: தாழ்வாகவும் மெதுவாகவும் பறக்கும்போது விமானம் கைமீறிப் போவது. அதற்குள் இருப்பது ஸ்டோல்.

ஏ9 வீதியில் பஸ்ஸில் போகும்போது ஜன்னலுக்கு வெளியே கையைத் தட்டையாக நீட்டிப் பார்த்திருப்பாய். விரல் நுனியைக் கொஞ்சம் உயர்த்தினால் காற்று கையை மேலே தூக்கும், இன்னும் இன்னும் உயர்த்தினால் ஒரு கட்டத்தில் தூக்குவது நின்று கையைப் பின்னால் தள்ளும். சிறகுக்கும் அதேதான். காற்றைச் சந்திக்கும் கோணம் சுமார் 15, 16 பாகையைத் தாண்டினால் மேலே ஓடும் காற்று பிரிந்துவிடும், சிறகு தூக்காது. எஞ்சின் முழு வேகத்தில் ஓடினாலும் தூக்காது. இதுதான் ஸ்டோல்.

இது நடக்கும் இடமும் அநேகமாக ஒன்றேதான், ஓடுபாதைக்கு நேராக வருவதற்கான கடைசித் திருப்பம். பின்காற்று தள்ளிவிட்டதால் மாணவன் ஓடுபாதைக் கோட்டைத் தாண்டிப் போய்விட்டான் என்று வை. திரும்பிப் பிடிக்க வேண்டும், ஆனால் தரைக்குக் கிட்ட அதிகம் சரிக்கப் பயம், அதனால் காலால் ரடரை, அதாவது வாலிலுள்ள சுக்கானை, மிதித்து மூக்கை இழுக்கிறான், மூக்கு கீழே போகிறது, கை தானாகவே கொன்ட்ரோலைப் பின்னால் இழுக்கிறது. உள்பக்கச் சிறகு முதலில் ஸ்டோலாகும், விமானம் அந்தப் பக்கமாகச் சுழலத் தொடங்கும். 500 அடியில் சுழன்றால் மீட்க உயரம் போதாது. சரி, சரித்தே திரும்பினால்? 60 பாகை சரித்து உயரம் குறையாமல் திரும்பினால் ஸ்டோல் வேகம் (அதற்குக் கீழே போனால் சிறகு தூக்காது) 41 சதவீதம் கூடும், அதாவது பிளப்ஸை (சிறகின் பின்னால் இறக்கும் தகடுகளை) இறக்காத செஸ்னா 172க்கு 48 நொட்டாக (ஒரு நொட் மணிக்கு சுமார் 1.85 கிலோமீற்றர்) இருந்தது 68 நொட் ஆகிவிடும். கோட்டைத் தாண்டிவிட்டால் பிடிக்கப் பார்க்கக் கூடாது. எஞ்சினைக் கூட்டி மேலே போய் இன்னொரு சுற்று வந்தால் போதும், அதற்காக நான் எந்த மாணவனையும் ஏசியதில்லை.

பரந்தன், மோட்டார் சைக்கிள் கராஜ் வைத்திருப்பவர்: காபரேற்றருக்குள் ஐஸ் கட்டும் என்று சொன்னீர்களாம். இந்த வெயிலிலா தங்கச்சி?

இந்த வெயிலில்தான் அண்ணை. பெற்றோல் ஆவியாகும்போதும் காற்று ஒடுங்கிய இடத்தால் பாயும்போதும், இரண்டும் கலக்கும் காபரேற்றருக்குள் வெப்பம் 20, 30 பாகைகூட இறங்கும். வெளியே 28 பாகையும் நல்ல ஈரப்பதனும் இருந்தால் உள்ளே உறைவதற்கு அது போதும். இறங்குவதற்காக எஞ்சினைக் குறைக்கும்போது திரொட்டில் தகடு மூடியிருக்கும், அதன் ஓரத்திலேயே ஐஸ் பிடிக்கும்.

சத்தமாக ஒன்றும் நடக்காது. ஆர்பிஎம் முள் 50, 100 என்று மெல்ல இறங்கும், மாணவன் கவனிக்காமல் திரொட்டிலைக் கொஞ்சம் தள்ளிச் சரிக்கட்டுவான், திரும்பவும் இறங்கும். பிறகுதான் எஞ்சின் நடுங்கும். அப்போது காபரேற்றருக்குச் சூடான காற்று விடும் குமிழை முழுதாக இழுக்க வேண்டும். இழுத்ததும் உருகிய தண்ணீர் எஞ்சினுக்குள் போவதால் நிலைமை இன்னும் மோசமாகும், இருமும், உதறும். பயந்துபோய்க் குமிழைத் திரும்பத் தள்ளிவிடுகிறார்கள். அந்த அரை நிமிடம் பொறுத்தால் எஞ்சின் தெளிந்துவிடும்.

எரிபொருளில் தண்ணீர் கலப்பதும் உங்களுக்குத் தெரிந்த வியாதிதான். மழை பெய்த இரவுக்குப் பிறகு காலையில் சிறகின் கீழிருந்து ஒரு கண்ணாடிக் குழாயில் வடித்துப் பார்ப்போம். விமானப் பெற்றோல் வெளிர் நீலம், தண்ணீர் இருந்தால் அடியில் நிறமில்லாத மணியாக உருண்டு நிற்கும். ஒருநாள் என் மாணவி ஒருத்தி "அக்கா, இன்றைக்கு நல்ல சுத்தம்" என்று குழாயை நீட்டினாள். வானத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன், நீலமே இல்லை. குழாய் முழுக்கத் தண்ணீர். அன்று முதல் வெள்ளைக் கடதாசிக்கு முன்னால் பிடித்து நிறத்தைச் சொல்லச் சொல்கிறேன்.

ஒரு தாங்கியில் நிறைய இருக்க மற்றது வற்றி எஞ்சின் நிற்பதும் உண்டு. பைப்பர் என்ற சின்ன விமான வகைகளில் இடது, வலது தாங்கி என்று மாற்ற வேண்டும், மறந்துபோவார்கள். அளவுகாட்டி முள்ளை நான் நம்புவதில்லை, தாங்கிக்குள் குச்சி விட்டுத்தான் பார்ப்பேன்.

முல்லைத்தீவு, ஒரு தாய்: பிள்ளை, மகள் பைலட் ஆகப்போகிறேன் என்கிறாள். 2023இல் சீனக்குடாவில் பயிற்சி விமானம் விழுந்து இரண்டு பேர் செத்ததிலிருந்து எனக்கு நித்திரை இல்லை.

அம்மா, உங்கள் பயத்தை வேண்டாத பயம் என்று நான் சொல்ல மாட்டேன். பெரிய பயணிகள் விமானத்தில் இருக்கும் பாதுகாப்பு சின்ன விமானத்தில் இல்லை. ஆனால் முதல் தனிப் பறப்பு வரைக்கும் பக்கத்தில் ஆசிரியர் இருப்பார். அதற்குப் பிறகும் காற்று, முகில் எல்லாம் பார்த்து, எல்லை கட்டித்தான் தனியே விடுவார்கள்.

மகளைச் சேர்க்கும் முன் நீங்களே நேரில் போய்ப் பாருங்கள். "காலநிலை சரியில்லை, இன்றைக்குப் பறக்கவில்லை" என்று மாணவர் சொன்னால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். முகம் சுளித்தால் அங்கே விடாதீர்கள். விமானத்தின் பராமரிப்புப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள், இருக்கையில் தோள்பட்டி இருக்கிறதா பாருங்கள். இதெல்லாம் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. நான் பறக்கப் போனபோது என் அம்மா இதை ஒன்றும் கேட்கவில்லை, கேட்கலாம் என்று அவவுக்கு யாரும் சொல்லவில்லை.

முல்லைத்தீவு, கடற்றொழிலாளர்: சோளகம் அடிக்கும்போது எப்படி இறக்குகிறீர்கள்?

நீங்கள் கரைக்கு வருவதுபோலத்தான் அண்ணை. அணியத்தைக் காற்றுப் பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொண்டு படகை நேரே கொண்டுவருவீர்களே, அதேபோல மூக்கைக் காற்றுக்குத் திருப்பி வருவோம், தொடும் முன் நேராக்குவோம். நேராக்காமல் தொட்டால் சில்லு பக்கவாட்டில் இழுபட்டு விமானம் ஓடுபாதையை விட்டுப் போய்விடும். செஸ்னா 172இன் கையேட்டில் 15 நொட் குறுக்குக்காற்று வரை இறக்கிக் காட்டியதாக இருக்கிறது. அது ஆசிரியருக்கான எண், மாணவருக்கு நான் அதில் பாதிகூடக் கொடுப்பதில்லை.

துள்ளுவதும் இப்படித்தான். வேகம் கூடி வந்தால் விமானம் தொட்டதும் எகிறும், மாணவன் மூக்கை அமுக்குவான், முன் சில்லு இடிக்கும், இன்னும் உயரமாக எகிறும். மூன்றாவது துள்ளலில் முன் சில்லு போய்விடும். முதல் துள்ளலிலேயே எஞ்சினைக் கூட்டி மேலே போய்விட வேண்டும்.

மாங்குளம், ஆசிரியர்: மேலே கிளம்பியதும் எஞ்சின் நின்றால் ஓடுபாதைக்கே திரும்பிவிடலாமே?

நிறையப் பேர் இறந்தது அப்படித் திரும்பப் போய்த்தான் சேர். 180 பாகை திரும்பினால் ஓடுபாதைக்குப் பக்கத்தில்தான் வருவீர்கள், அதன் மேல் வர இன்னும் வளைய வேண்டும், இவ்வளவையும் 400 அடியில், வேகம் குறைந்துகொண்டே போகும்போது. உடனே மூக்கைத் தாழ்த்தி, முன்னாலே இடம் தேடுங்கள். செஸ்னா 1000 அடியிலிருந்து காற்றில்லாத நாளில் 2.7 கிலோமீற்றர் வரை மிதந்து போகும், அது நல்ல தூரம்.

நம்முடைய பக்கத்தில் அருவி வெட்டி முடிந்த வயலை விட நல்ல இடம் இல்லை. ஆனால் வரம்புக்குக் குறுக்கே இறங்காதீர்கள், வரம்போடு ஒட்டி இறங்குங்கள். தண்ணீர் கட்டிய வயலில் முன் சில்லு புதைந்து விமானம் கவிழ்ந்துவிடும். மின்கம்பி மேலிருந்து தெரியாது, கம்பத்தைத் தேடுங்கள்.

கிளிநொச்சி, மாணவி: முகிலுக்குள் போனால் என்ன ஆகும் அக்கா?

1954இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில், கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கப் பழகாத 20 பேரை அப்படிப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள், சராசரியாக 178 செக்கனில். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு மெதுவான திருப்பத்தை உணராது. விமானம் சரிந்து சுற்றிக்கொண்டு இறங்கும், உனக்கோ நேரே போவதாகத்தான் இருக்கும். வேகம் கூடுகிறதே என்று பின்னால் இழுப்பாய், சுற்று இன்னும் இறுகும். முதலில் சிறகைச் சமப்படுத்து, பிறகு இழு. கார்த்திகை, மார்கழியில் வன்னியில் முகில் பனை உயரத்துக்கு இறங்கி வருவதை நீயே பார்த்திருப்பாய். அந்த நாட்களில் தரையிலேயே இரு.

வவுனியா, அதே தம்பி: ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போதும் விபத்து நடக்கிறதே?

நடக்கும். ஒருமுறை தரைக்கு 20 அடி இருக்கும்போது கொன்ட்ரோலை மாணவன் பிடித்திருக்கிறான் என்று நான் நினைத்தேன், அவன் நான் பிடித்திருக்கிறேன் என்று நினைத்தான். ஒருவரும் பிடிக்கவில்லை. "தொம்" என்று விழுந்து ரயர் வெடித்தது. பிழை என்னுடையது, கையை வைத்துவிட்டு வாயால் சொல்லவில்லை. இப்போது "நான் எடுத்துக்கொண்டேன்", "நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள்" என்று இரண்டு பேரும் சத்தமாகச் சொல்லாமல் கொன்ட்ரோல் கை மாறாது.

புதுக்குடியிருப்பு, ஒன்பதாம் வகுப்பு: மயில் வந்தால்?

மயில், மாடு, நாய் எல்லாம் வரும். தரையில் நின்றால் இறங்காமல் மேலே போய்விடுவேன், அவை போன பிறகு வருவேன்.